மூலை வீட்டு அட்வான்ஸ்

இந்தப் பக்கமா உக்காருங்க, அங்க உக்காந்தா சேலையெல்லாம் பிசிறு ஒட்டிக்கும். ஓனரம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்காங்க, சாவி அவங்க இடுப்புலதான் இருக்கும், வந்துருவாங்க. நான் வெட்டிக்கிட்டே பேசறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. பொழுது சாயறதுக்குள்ள இந்தக் கட்டு முடியணும். பெரிய வேலை ஒண்ணுமில்லைங்க. கம்பெனியில பனியன் தைச்சு வருமில்ல, தையல் ஓரத்துல நூல் நீட்டிக்கிட்டு இருக்கும், அதைத் துணியில கத்தரி படாம வெட்டி விடணும். துணியில ஓட்டை விழுந்தா அந்த பீஸ் காசு நம்ம தலையில.

காது குடுத்துக் கேளுங்க, எனக்குச் சத்தமே இவ்வளவுதான். அதோட உள்ள எங்க வீட்டுக்காரர் இருக்காரு. மூணரை வரைக்கும் சத்தம் ஆகாது. மார்க்கெட் நேரம்.

அந்த மூலை வீட்டைப் பார்க்கத்தானே வந்தீங்க? முன்னால இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்கன்னு கேட்டீங்க. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. பேய், பிசாசு, தண்ணிக் கஷ்டம், அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க. இந்தக் காம்பவுண்டுல தனிக் குழாயும் தனிக் கக்கூஸும் இருக்கிறதே அந்த ஒரு வீட்டுக்குத்தான். அதுல இருந்தவங்க அம்சவேணியக்கா. கூடப் பொறக்கலை, அவ்வளவுதான். அவங்க எனக்குப் பண்ணினதை இன்னும் யார்கிட்டயும் முழுசாச் சொன்னதில்லை. உங்களை இனிமே பார்க்கப் போறதில்லை, அதனால சொல்லலாம்.

ஏன் பார்க்கப் போறதில்லைன்னா, கோவிச்சுக்காதீங்க, அந்த வீடு எங்களுக்குன்னு பேசியாச்சு. ஓனரம்மா சொல்லலையா? அட்வான்ஸ் கையில விழற வரைக்கும் வர்றவங்களுக்குக் காட்டத்தான் செய்வாங்க. நாளைக்குக் குடுத்துடுவோம். இன்னைக்கே குடுத்திருப்போம், ஓனரம்மாதான் செவ்வாக்கிழமை காசு கைமாறக் கூடாது, புதன்கிழமை காலையில விளக்கேத்தி வாங்கிக்கறேன்னுட்டாங்க.

உங்களுக்கும் புள்ளைங்க இருக்கா? அப்படின்னா உங்களுக்குத் தெரியும். எங்களுக்கெல்லாம் அதோ அந்தக் கடைசியில இருக்கே கக்கூஸு, அது ஒண்ணுதான். காலையில கம்பெனி வேன் வர்ற நேரத்துல எல்லா வீடும் அங்கதான் நிக்கும். பெரியவ தன்ஷிகாவுக்கு நாலு வயசு. போன மாசம் வரிசையில நின்னுக்கிட்டே போயிருச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. வேணும்னு சிரிக்கலை, சிரிப்பு வந்துருச்சு, சிரிச்சாங்க. அது அழுகலைங்க. என் சேலைக்குள்ள மூஞ்சிய வெச்சுக்கிச்சு. அன்னையிலேர்ந்து காலையில பால் குடிக்க மாட்டேங்குது. குடிச்சா வருமாம். அதுக்குத்தான் அந்த வீடு. வேற ஒரு ஆசையும் எனக்கு இல்லை.

ஏய் தன்ஷி, தொட்டிலை அவ்வளவு வேகமா ஆட்டாத கண்ணு, தம்பி முழிச்சுக்குவான்.

எனக்கு ஊரு முத்தூர்ப் பக்கம். அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. கல்யாணம் ஆகி இங்க வந்தப்ப எனக்கு யாரையும் நிமிர்ந்து பார்க்கத் தெரியாது. அம்சவேணியக்காதான் கூப்பிட்டு, "ஏம்புள்ள கோகிலா, சும்மா உக்காந்திருக்கிறதுக்கு நாலு பீஸ் வெட்டேன்"னு கத்தரியைக் கையில குடுத்தாங்க. கம்பெனியில கட்டு எடுத்துட்டு வந்து எங்களுக்கெல்லாம் பிரிச்சுக் குடுப்பாங்க, சனிக்கிழமையானா கூலி. பீஸுக்கு ஒரு ரூபா. சின்னவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில என் துணிய அவங்கதான் அலசினாங்க. இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிடும். பண்ணினாங்க. ஆனா, பின்னால இவ்வளவு பண்றதுக்குத்தான் முன்னால அவ்வளவு பண்ணினாங்களோன்னு இப்ப தோணுது.

எங்க வீட்டுக்காரர் நல்ல டைலருங்க. வீரகுமார்னு சொன்னா இந்த ரோட்டுல எந்தக் கம்பெனியிலயும் தெரியும். பேக்கரியில டீ குடிக்கிறப்ப யாரோ ஒருத்தன் போன்ல காட்டியிருக்கான். ஷேர் மார்க்கெட்டு. இவரும் போட்டுப் பார்த்தாரு. முதல் நாளே ஒரு வாரக் கூலி வந்துருச்சு! ஒரு மணி நேரத்துல! அன்னைக்கு ஆட்டுக்கறி எடுத்துட்டு வந்தாரு, தன்ஷிக்கு ஜிகினா வெச்ச கவுன். அப்புறம் வேலைக்குப் போகலை. "நூறு பேரு நடுவுல குனிஞ்சு உக்காந்து முதுகு ஒடியறதுக்கு, வீட்ல உக்காந்து மூளையில சம்பாதிக்கலாம்"னாரு. அதுவும் சரிதானே? அவருக்கு முதுகுவலி நிஜமாவே உண்டு.

என் பேர்லதான் கணக்கு ஆரம்பிச்சாரு. என் பேருக்குத்தான் லட்சுமி தங்கும்னு ஜோசியர் சொன்னாராம். அவரு கணக்குல முன்னாடி ஏதோ லோன் ஆப்காரங்களோட தகராறு, அது வேற. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுங்களா? எங்கப்பா ஒரு வெள்ளாட்டுக்குட்டியைக் கூட என் பேர்ல விட்டதில்லை. பணம் எடுக்கணும்னாலும் போடணும்னாலும் இந்தா, இந்தப் பட்டன் போனுக்குத்தான் நம்பர் வரும். ஓடிபிம்பாரு. உள்ளேர்ந்து கூப்பிடுவாரு, நான் ஒவ்வொண்ணாப் படிச்சுச் சொல்லுவேன். நான் சொல்லலைன்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. என்ன வேலையா இருந்தாலும் போட்டுட்டு ஓடுவேன். அடுப்புல பால் பொங்கினாலும் சரி. ரெண்டு நிமிஷத்துல அந்த நம்பர் செத்துருமாம்.

செவ்வாக்கிழமையானா சாப்பிட மாட்டாரு. முதல்ல நான் அம்மனுக்கு விரதம்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அன்னைக்கு எக்ஸ்பைரியாம், கணக்கு முடிக்கிற நாளாம், டென்ஷன்ல சோறு இறங்காதாம். சரி, அவரு சாப்பிடலைன்னா நானும் சாப்பிடறதில்லை. ரெண்டும் ஒண்ணுதான், சாமிக்குச் சேரட்டும்.

இருங்க, இந்தக் கழுத்துப் பட்டையில நூல் உள்ள போயிருக்கு. ம்.

அம்சவேணியக்காவும் போட்டாங்க. அதைச் சொல்ல மாட்டாங்க, ஆனா போட்டாங்க. இவரு ஜெயிக்கிறதைப் பார்த்துட்டு, "அக்கா, நீங்களும் ஒரு இருபதாயிரம் குடுங்க, பெருக்கித் தர்றேன்"னாரு, குடுத்தாங்க. குடுத்துட்டு தினம் வாசல்ல வந்து நிக்கிறது. "எந்தக் கம்பெனிலப்பா போட்டிருக்கே?" இவரு பொறுமையாச் சொன்னாரு, "கம்பெனியெல்லாம் இல்லைங்கக்கா, மேல போகுமா கீழ போகுமான்னு பார்த்துப் போடறது." அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க தெரியுங்களா? "அப்ப இது யாவாரம் இல்ல தம்பி. சேவக்கட்டு. என் காசை எடுத்துக் குடுத்துரு."

இவரு மூஞ்சி செத்துப் போச்சு. சேவல் சண்டையாம்! கோட்டு சூட்டுப் போட்டவங்க எல்லாம் டிவியில உக்காந்து பேசறாங்க, அது சேவக்கட்டாம்.

குடுத்துட்டாரு. ஒரு ரூபா குறையாம குடுத்துட்டாரு. அந்த வாரம்தான் என் செயினை அடகு வெச்சோம், அது வேற ஏதோ அவசரத்துக்கு. அவங்க காசை வாங்கிட்டுப் போய் பதினஞ்சு நாள் கூட ஆகலைங்க, மொத்தமும் விழுந்துருச்சு. எங்கப்பா பிரசவத்துக்குன்னு குடுத்தது, என் கொலுசு வித்தது, எல்லாம் போச்சு. செயினும் அப்புறம் மீட்க முடியாம ஏலத்துக்குப் போச்சு.

எனக்கு ஷேர் தெரியாதுங்க. ஆனா சீட்டு தெரியும். சின்னதுல இருந்து எங்கம்மா சீட்டுப் போட்டுப் பார்த்திருக்கேன். எல்லாரும் கடைசி வரைக்கும் கட்டினாத்தான் எல்லாருக்கும் பணம். நடுவுல ஒருத்தர் எனக்கு வேண்டாம்னு உருவினா மிச்சப் பேரு தலையில துண்டுதான். இதுவும் அப்படித்தானே? இவர்கிட்டயே கேட்டேன். "அக்கா பாதியில எடுத்ததாலயா இப்படி ஆச்சு?"ன்னு. போனைக் கீழ வெச்சாரு. அப்புறம், "ஆமா கோகிலா, அவங்க உருவினதுலதான் ஆட்டங்கண்டுச்சு"ன்னாரு. அவரே சொல்லிட்டாரு. அப்புறம் என்ன?

நான் அதைக் கூட அக்காகிட்டக் கேக்கலைங்க. மனசுலயே வெச்சுக்கிட்டேன். எனக்குக் கேக்க வராது. அவங்க கட்டு கொண்டு வந்தா வாங்கிக்குவேன், பேச்சைக் குறைச்சுக்கிட்டேன். அவங்களுக்குப் புரிஞ்சுதோ என்னமோ. ஒரு நாள் குழாயடியில தனியாப் புடிச்சுக்கிட்டாங்க.

"கோகிலா, ஒண்ணு சொன்னா கேப்பியா?"

"சொல்லுங்கக்கா."

"உன் போன்ல வர்ற நம்பரை யாருக்கும் சொல்லாத."

"நான் யாருக்குக்கா சொல்றேன்? அவருக்குத்தான்."

"அவனுக்கும்தான் சொல்றேன். சொல்லாத. போட்டது போனாலும் அடுப்பு எரியும்னா, அந்தக் காசைத்தான் அதுல போடலாம். உன் வீட்ல அப்படி ஒரு காசு இருக்கா?"

எப்படி இருக்குது பாருங்க. கட்டினவருக்குச் சொல்லாதயாம். குடும்பத்துக்குள்ள கத்தரி வைக்கிறது. பனியன்ல ஓட்டை விழாம வெட்டத் தெரியுது அவங்களுக்கு, இது தெரியலை. ராத்திரியே அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். "அவளுக்கு நம்ம மேல வயித்தெரிச்சல்"னாரு. அன்னைக்கு என்னமோ என்கிட்ட ரொம்பப் பாசமா இருந்தாரு. சின்னவனைத் தூக்கி வெச்சுக்கிட்டு நான் சாப்பிடற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாங்க. இனிமேதான் இருக்கு.

சின்னவனுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். பக்கத்துல ஒரு பொண்ணு, அடுத்த வீதியாம், அதுவும் பிசிறு வெட்டறதுதான். இதே கம்பெனி பீஸு. பேச்சு வாக்குல கேக்குது, "உங்களுக்கும் ஒண்ணேகால் ரூபாதானே குடுக்கிறாங்க?" எனக்குக் காது அடைச்சுப் போச்சு. ஒண்ணேகாலா? ரெண்டு தடவை கேட்டேன். ஒண்ணேகால்தான். ஒன்றரை வருஷமா. ஒவ்வொரு பீஸுக்கும் கால் ரூபா. இந்த விரலைப் பாருங்க, கத்தரி புடிச்சுப் புடிச்சு எப்படி ஆயிருக்குன்னு. இதுலேர்ந்து கால் ரூபா, கால் ரூபாயா எடுத்திருக்காங்க. ஆஸ்பத்திரியில என் துணிய அலசின கைங்க அது.

எனக்குச் சத்தம் வராதுன்னு சொன்னேனில்ல? அன்னைக்கு வந்துருச்சு. சனிக்கிழமை, எல்லாரும் கூலி வாங்க நிக்கிறாங்க. "திருடி"ன்னுட்டேன். நானா சொன்னேன்னு எனக்கே தெரியலை. தொட்டில்ல இருந்த புள்ள வீல்னு அழுதுச்சு. எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க, ஓனரம்மா மாடியிலேர்ந்து எட்டிப் பார்க்கறாங்க.

அக்கா கூலியைக் கீழ வெச்சாங்க. இல்லைன்னு சொல்லலை. "ஆமா, புடிச்சேன். உனக்கு மட்டும்தான் புடிச்சேன். எல்லாம் அப்படியே இருக்கு. வீட்டு அட்வான்ஸுக்கு ஆகட்டும்னு வெச்சிருக்கேன்"னாங்க. "என் பொண்ணு அவினாசிக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நான் போறப்ப இந்த வீட்டை உனக்கு எடுத்துக் குடுத்துட்டுப் போகலாம்னு இருந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லக்கா?"

"சொன்னா நீ அவன்கிட்டச் சொல்லியிருப்பே."

சொல்லியிருப்பேன்தாங்க. புருஷன்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? ஆனா அதைச் சொல்ல இவங்க யாரு? என் காசை வெச்சுக்கிட்டு என்னையே சின்னப் புள்ளையாக்கி, எனக்கு எது நல்லதுன்னு இவங்க முடிவு பண்றாங்க. திருடியிருந்தாக் கூட அவ்வளவு வலிச்சிருக்காது. பசிக்குத் திருடினாங்கன்னு விட்டிருப்பேன். என்னை நம்பாமப் போனாங்க பாருங்க. அதைத்தான் சொல்றேன் துரோகம்னு.

அக்கா சொன்னாங்க, "பேங்க்ல இருந்து எடுத்துட்டு வந்து ஓனரம்மா கையில நேரா அட்வான்ஸாக் குடுத்துடறேன். உன் பேரைச் சொல்லி ரசீது வாங்கித் தர்றேன்"னு. அதுக்குள்ள இவரு வெளிய வந்துட்டாரு. "எங்க காசை நீ யாருக்கோ குடுக்கறதுக்கு நீ யாரு? கோகிலா கணக்குல போடு"ன்னாரு. அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாங்க. "நீ சொல்லு கோகிலா. எங்க குடுக்கட்டும்?"

எல்லாரும் நிக்கிறாங்க. அவரு வாசல்ல நிக்கிறாரு. "என் கணக்குலயே போட்டுருங்க"ன்னேன். என் பேரு, என் கணக்கு, என் காசு. நான் சொன்னது சரிதானே? நீங்களா இருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பீங்க?

அட, நீங்க எதுக்குப் பனியனை மடிக்கறீங்க, வெச்சுருங்க.

போட்டுட்டாங்க. அவங்க இங்கேர்ந்து போனப்புறம் முந்தாநாள்தான் வந்துச்சு, இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம், மெசேஜ் இருக்கு, நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். குறைக்கலை. அதையும் சொல்லிடணும். ஆனா பாருங்க, மத்தவளுங்க எல்லாம் எங்களுக்கும் புடிச்சியா, எங்களுக்கும் புடிச்சியான்னு ஆரம்பிச்சுட்டாளுங்க. கம்பெனி வரைக்கும் பேச்சுப் போயிருச்சு. கட்டு குடுக்க மாட்டோம்னுட்டாங்களாம். அடுத்த வாரமே அக்கா சாமானை ஏத்திட்டாங்க. போறப்ப, அவங்க குழாயைத் திறந்து என் குடம் ரெண்டையும் ரொப்பி வாசல்ல வெச்சுட்டுப் போனாங்க. ஓனரம்மாகிட்ட, இந்த வீடு கோகிலாவுக்குத்தான் குடுக்கணும்னு சொல்லியிருக்காங்களாம். ஊர் வாய்க்குப் பயந்து சொல்லியிருப்பாங்க.

இப்ப ஒரு அண்ணன் கட்டு கொண்டு வர்றாரு. அவரு எண்பது பைசாதான் குடுக்கிறாரு. ஆனா ஒளிவு மறைவு இல்லை. எண்பதுதான், இஷ்டம்னா வெட்டு, இல்லைன்னா வெச்சுருன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிடறாரு.

உங்களைப் பார்த்தாப் பாவமாத்தான் இருக்கு. இந்த வெயில்ல வந்திருக்கீங்க. அந்தப் பின் வீதியில ஒரு வீடு காலியாகுதுன்னு சொன்னாங்க, கேட்டுப் பாருங்க. நீங்க தப்பா நினைக்கக் கூடாது. அந்த வீட்டை மனசுலயே குடி வந்துட்டேன் நான். கக்கூஸ் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உயரமா இருக்கு, தன்ஷிக்கு எட்டாது, கீழ ஒண்ணு வைக்கணும். நாளைக்கு நானே பேங்குக்குப் போய் எடுத்துட்டு வந்துடறேன்னு அவர்கிட்டச் சொன்னேன். "கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு எதுக்கு அலையறே, நானே போன்லயே ஓனரம்மாவுக்கு அனுப்பிடறேன், நம்பர் வரும், நீ சொன்னாப் போதும்"னாரு. அவருக்கு எங்க மேல எவ்வளவு அக்கறை பாருங்க. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி கூடக் குடிக்கலை. ரெண்டு தடவை வெளிய வந்து என் போனை எடுத்துப் பார்த்துட்டு வெச்சுட்டுப் போனாரு.

அதோ, ஓனரம்மா செருப்புச் சத்தம் மாதிரி இருக்கு. வீட்டைப் பார்த்துட்டுப் போங்க, வந்ததுக்கு. அந்த ஜன்னல்ல அக்கா கட்டின கொடிக்கயிறு இன்னும் அப்படியே இருக்கும், அவிழ்க்க வேண்டாம்னு ஓனரம்மாகிட்டச் சொல்லியிருக்கேன்.

போன் கத்துதா? பனியனுக்கு அடியில இருக்கும், தள்ளுங்க கொஞ்சம். ஆ, நம்பர்தான்.

"கோகிலா! வந்துச்சா பாரு! சீக்கிரம் சொல்லு, மூணரை ஆகப் போகுது!"

வந்துட்டேங்க! ஒன்பது... நாலு... இருங்க, கூப்பிடறாரு, கத்தரி பத்திரம், புள்ள பக்கத்துல இருக்கு. ஆனா அட்வான்ஸ் நாளைக்குத்தானே, இன்னைக்குச் செவ்வாக்கிழமை, இன்னைக்கு எதுக்கு இந்த நம்ப